கிச்சிலி என்ற பழைய பெயர்

(வானொலியில் விவசாயிகளுக்காக நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு நான் உரம் பற்றியோ, விலை நிலவரம் பற்றியோ பேச வரவில்லை. ஒரு பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயரில் என்ன இருக்கிறது, காய் காய்த்தால் சரிதான் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பெயர் தெரியாமல் போனதால் தோப்பே போன கதை உலகத்தில் உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

பழனி மலையில் பெருமாள்மலை என்கிற ஊர் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற பாதையும், பழனியிலிருந்து ஏறி வருகிற பாதையும் ஒன்று சேருகிற இடம். பேருந்து நின்றால் பழக் கூடைகளோடு வந்துவிடுவார்கள். பேரிக்காய், பிளம்ஸ், வெண்ணெய்ப் பழம், மலைவாழை என்று அந்தந்தப் பருவத்துக்கு ஏற்றபடி இருக்கும். ஒரு தடவை அங்கே இறங்கினேன். ஒரு பாட்டியம்மா கூடையில் கமலா ஆரஞ்சு வைத்திருந்தார்.

"ஆரஞ்சு என்ன விலை பாட்டி?" என்று கேட்டேன்.

"எது, இந்தக் கிச்சிலியா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிச்சிலி என்றால் கிச்சிலிச் சம்பா நெல்தானே என்று நினைத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, "எங்க அப்பன் காலத்துல இதைக் கிச்சிலின்னுதான் சொல்லுவோம் தம்பி. இப்ப எல்லாம் ஆரஞ்சுன்னு ஆயிப்போச்சு. மரமும் போச்சு, பேரும் போச்சு" என்றார்.

மரமும் போச்சு, பேரும் போச்சு. இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

அகராதியில் இருக்கிற பழம்

கிச்சிலி என்பது அந்தப் பாட்டி இட்டுக்கட்டிச் சொன்ன பெயர் அல்ல. 1862-ல் வின்சுலோ என்கிற பாதிரியார் வெளியிட்ட தமிழ் அகராதியில் இந்தச் சொல் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெரிய அகராதியிலும் இருக்கிறது. ஆரஞ்சு என்று நாம் இன்றைக்குச் சொல்கிற பழத்துக்குத்தான் அங்கே இந்தப் பெயர். தெலுங்கு நாட்டிலும் இதே பெயர் வழங்கியது.

பெயர் பழத்தை விட்டுப் போனாலும் ஊரை விட்டுப் போகவில்லை. கிச்சிலிச் சம்பா என்று நெல்லில் நிற்கிறது. கிச்சிலிக் கிழங்கு என்று நாட்டு மருந்துக் கடையில் நிற்கிறது. குளியல் பொடிக்கு வாசனைக்காகத் தாய்மார்கள் வாங்கிப் போடுகிறார்களே, அந்தக் கிழங்குதான். நெல்லுக்கும் கிழங்குக்கும் பெயர் இருக்கிறது. பழத்துக்கு மட்டும் மறந்துபோனது.

நம் ஊரில் பெயர் இப்படித்தான் விளையாட்டுக் காட்டும். வேப்பிலைக்கட்டி என்று ஒரு பதார்த்தம் செய்கிறோம். மோர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அதைப் போல வேறொன்று கிடையாது. அதில் வேப்பிலை ஒன்றுகூடக் கிடையாது. நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும் இடித்துச் செய்வது. தெரியாதவன் பெயரை நம்பி வேப்பிலையைப் பறித்து இடித்தால் என்ன ஆகும்? வீட்டில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். தோட்டத்தில் அப்படி நடந்தால் சிரிக்க முடியாது.

ஊரை விட்டுப் போன நாரத்தை

சரி, கிச்சிலியைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்த ஆரஞ்சு என்ற சொல் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்கிறோம். கொண்டுவந்தது அவன்தான். ஆனால் அந்தச் சொல் புறப்பட்டது நம் பக்கத்திலிருந்து.

நாரத்தை என்று நாம் சொல்கிறோம். மலையாளத்தில் நாரங்ங என்கிறார்கள். வடமொழி மருத்துவ நூல்களில் நாரங்கம் என்று வருகிறது. இது தென்னாட்டு மொழிகளிலிருந்து வடமொழிக்குப் போன சொல் என்பது மொழி ஆராய்ச்சியாளர்கள் பலருடைய கருத்து. அங்கிருந்து பாரசீகத்துக்குப் போய் நாரங் ஆயிற்று. அரபு நாட்டில் நாரஞ்சு. அரபுக்காரர்கள் ஸ்பெயின் தேசம் வரைக்கும் மரத்தையும் கொண்டுபோனார்கள், பெயரையும் கொண்டுபோனார்கள். ஸ்பெயினில் நரஞ்சா. இத்தாலி, பிரான்ஸ் என்று தாண்டும்போது முன்னால் இருந்த 'ந' உதிர்ந்துபோய் ஆரஞ்சு ஆயிற்று. அந்த ஆரஞ்சு இங்கிலீஷ்காரனோடு கப்பல் ஏறி மறுபடியும் சென்னைப் பட்டணத்தில் வந்து இறங்கியது.

சின்ன வயதில் ஊரை விட்டு ஓடிப்போன பையன், சட்டையும் பேச்சும் மாறித் திரும்பி வந்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது இல்லீங்களா? நாரத்தையின் கதையும் அதுதான். திரும்பி வந்த பையனை விருந்தாளி என்று நினைத்து நடுவீட்டில் உட்கார வைத்துவிட்டு, வீட்டோடு இருந்த கிச்சிலியைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டோம்.

நாரத்தை இன்னொரு வழியாகவும் பயணம் போயிருக்கிறது. 1658-ல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1652-ல், ஆப்பிரிக்காவின் தென்கோடியில் கேப் என்கிற இடத்தில் அதே டச்சுக் கம்பெனி ஒரு குடியேற்றத்தை ஏற்படுத்தியிருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து அங்கே அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. இன்றைக்கும் தென் ஆப்பிரிக்காவில் உரித்தால் தோல் கழன்று வருகிற கமலா வகைப் பழத்துக்கு என்ன பெயர் தெரியுமா? நார்ச்சி! அது தமிழ் நாரத்தையிலிருந்து வந்த சொல் என்று அகராதிகளே சொல்கின்றன. 1860-ல் 'ட்ரூரோ' என்ற கப்பலில் சென்னையிலிருந்து நம் மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு நேட்டால் போய் இறங்குவதற்கு முன்பே, நம் சொல் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே நாரத்தை என்பது உப்புப் போட்டுச் சுருள் சுருளாக அரிந்து காயவைக்கிற ஊறுகாய்க் காய். அங்கே போனபின் அதே பெயர் இனிப்புப் பழத்துக்கு ஆயிற்று. பெயர் ஒன்று, மரம் வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவந்தவன் பெயரும் விளைந்த ஊரின் பெயரும்

இந்த எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்களுக்குப் பெரும்பாலும் கொண்டுவந்தவன் பெயரோ, விளைந்த ஊரின் பெயரோதான் ஒட்டிக்கொள்ளும். இனிப்பு ஆரஞ்சை ஐரோப்பாவில் பரப்பியவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். அதனால் அரபு நாட்டில் அதற்குப் பெயர் புர்துகால். டச்சு மொழியில் சீனத்து ஆப்பிள். வடநாட்டில் மொசாம்பி என்கிறார்களே, அது ஆப்பிரிக்காவில் உள்ள மொசாம்பிக் என்ற நாட்டின் பெயர். நம் பம்பளிமாசு டச்சுக்காரன் வாயிலிருந்து வந்த சொல்.

நம் சாத்துக்குடி? வேலூர்ப் பக்கம் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் அருகே சாத்கர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆற்காட்டு நவாபுக்கு அங்கே பழத் தோட்டங்கள் இருந்தன. அந்த ஊர்ப் பெயர்தான் சாத்துக்குடி என்று ஆயிற்று எனச் சொல்வார்கள்.

வடநாட்டில் கமலா வகைக்குச் சந்த்ரா, சங்தரா என்று பெயர். போர்ச்சுக்கல் நாட்டில் சிந்த்ரா என்று ஓர் ஊர் இருப்பதால், அந்தப் பெயர்தான் இது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆனால் 1530-ல் இறந்துபோன பாபர் பாதுஷா, இந்துஸ்தானத்தில் தான் கண்ட பழங்களை எழுதிவைத்திருக்கிறார். அதில் சங்தராவும் இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் கோவாவைப் பிடித்தது 1510-ல். இருபது வருஷத்துக்குள் ஒரு பெயர் டில்லி வரைக்கும் போய் வேர் பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆகவே காதில் ஒரே மாதிரி விழுகிறது என்பதற்காகப் பெயருக்குக் கதை கட்டிவிடக் கூடாது.

இந்த மரங்களின் உறவுமுறை என்ன? 2018-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று அதைத் தெளிவாக்கியது. இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம்தான் இந்தக் குடும்பத்தின் பூர்வீகம். ஆதியில் இருந்த சில இனங்களில் முக்கியமானவை மூன்று. ஒன்று கமலா இனம், ஒன்று பம்பளிமாசு, ஒன்று கடார நாரத்தை போன்ற தடித்த தோல் இனம். கமலாவும் பம்பளிமாசும் கலந்து பிறந்தவைதான் இனிப்பு ஆரஞ்சும் புளிப்பு ஆரஞ்சும். புளிப்பு ஆரஞ்சும் தடித்த தோல் இனமும் கலந்து பிறந்தது பெரிய எலுமிச்சை. எல்லாம் பங்காளிகள். அதனால்தான் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், குணத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

கிச்சிலி இதில் எங்கே வருகிறது? பாட்டி கமலாவைக் கிச்சிலி என்றார். டானகா என்ற ஜப்பானியத் தாவர அறிஞர், கிச்சிலி என்று தென்னாட்டில் வழங்கும் ஒரு வகையைத் தனி இனமாகவே கணக்கெடுத்து, சென்னைப் பட்டணத்தின் பெயரை அதற்கு லத்தீனில் சூட்டினார். அது புளிப்பு வகை. குண்டூர்ப் புளிப்பு ஆரஞ்சு என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. பாட்டி சொன்னதும் பொய்யில்லை, புத்தகம் சொல்வதும் பொய்யில்லை. வாழை என்று பொதுவாகவும் சொல்கிறோம், பூவன், மொந்தன், விருப்பாச்சி என்று பிரித்தும் சொல்கிறோம் அல்லவா? கிச்சிலியும் குடும்பப் பெயராகவும் இருந்தது, ஒரு மரத்தின் சொந்தப் பெயராகவும் இருந்தது. எந்த ஊரில், யார், எந்த மரத்தைச் சொன்னார்கள் என்று கேட்டால்தான் விளங்கும்.

ஆரஞ்சு என்ற ஒரே சொல் வந்ததும் அப்படிக் கேட்கிற பழக்கமே போய்விட்டது.

வேருக்கு என்ன பெயர்?

பெயர் தெரியாததால் என்ன நஷ்டம் வரும்? தென் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன்.

இனிப்பு ஆரஞ்சுக்கு வேர் அழுகல் வரும். அடிமரத்தில் பிசின் வடிந்து பட்டுப்போகும். புளிப்பு ஆரஞ்சு இதைத் தாங்கும். அதனால் புளிப்புக் கன்றை வேர்ச்செடியாக வைத்து, மேலே இனிப்பு ஒட்டுக் கட்டினார்கள். நல்ல யோசனைதான். அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் லட்சக்கணக்கில் இப்படி நட்டார்கள். 1930-களில் மரங்கள் திடீரென்று வாடிச் சாக ஆரம்பித்தன. இலை தொங்கி, மரம் துக்கம் காத்த மாதிரி நின்றது. அந்த நோய்க்கு விவசாயிகளும் விஞ்ஞானிகளும் வைத்த பெயர் டிரிஸ்டிசா. அவர்கள் பாஷையில் துக்கம் என்று அர்த்தம்.

அசுவினிப் பூச்சி பரப்புகிற ஒரு வைரஸ் அது. விசேஷம் என்னவென்றால், புளிப்பு மரம் தன் வேரில் தான் நின்றால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இனிப்பு மரம் ஜம்பேரி போன்ற வேறு வேரில் நின்றால் அவ்வளவு பாதிப்பில்லை. புளிப்பு வேரும் இனிப்பு மேலும் சேர்ந்தால்தான் சாவு. இருவரும் நல்லவர்கள்தான், கட்டிக்கொடுத்த சம்பந்தம்தான் பொருந்தவில்லை. ஆகவே அடியில் இருக்கிற வேருக்கு என்ன பெயர் என்று தெரிந்தவன் பிழைத்தான். எல்லாம் ஆரஞ்சுக் கன்றுதானே என்று வாங்கி நட்டவன் தோப்பை இழந்தான்.

நம் தென்னாட்டிலும் சாத்துக்குடிக்கு எந்த வேர் பொருந்தும் என்று சோதனை செய்து பார்த்த வகைகளில் கிச்சிலியும் ஒன்று. ஜம்பேரி, ரங்பூர் எலுமிச்சை என்று இன்னும் பல இருக்கின்றன. நாற்றங்காலில் ஒட்டுக் கன்று வாங்கும்போது மேலே என்ன வகை என்று கேட்கிறோம். அடியில் என்ன வேர் என்று கேட்கிறவர் எத்தனை பேர்?

ஒரு நோய்க்கு ஐந்து பெயர்

ஒரே பெயரில் பல மரம் இருந்தால் நஷ்டம். அதேபோல, ஒரே நோய்க்குப் பல பெயர் இருந்தாலும் நஷ்டம்தான். பழனி மலைக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது கஷ்டம்.

கீழ்ப்பழனி மலையில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே காப்பித் தோட்டங்கள் உண்டு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் என்று போனால், காப்பிக்குள்ளே மிளகுக்கொடி, மலைவாழை, கமலா ஆரஞ்சு எல்லாம் கலந்து நிற்கும். குடகு நாட்டில் எப்படியோ அப்படித்தான். நிழலுக்கு மரம், செலவுக்கு வாழை, வருஷத்துக்குக் காப்பி, கையில் ரொக்கம் புரள ஆரஞ்சு. பழைய நாளில் பொதிமாட்டிலும் தலைச்சுமையிலும் இறங்கின பழம், மலைப்பாதை வந்தபின் லாரியில் இறங்கியது.

பிறகு மரங்கள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. நன்றாகக் காய்த்த மரம் இரண்டு மூன்று வருஷத்தில் குச்சியாக நின்றது. இங்கே மட்டும் இல்லை, குடகிலும், சேர்வராயன் மலையிலும், வடநாட்டிலும் இதே கதை. நம் நாட்டில் இதற்கு வைத்த பெயர் நுனிக்காய்தல். மண்ணில் சத்துக் குறைவு என்றார்கள் சிலர். துத்தநாகம் பற்றாது என்றார்கள். பராமரிப்புப் போதாது என்று விவசாயி தலையிலே பழியைப் போட்டவர்களும் உண்டு.

அதே சமயத்தில் தென் ஆப்பிரிக்காவில் பழம் பழுக்காமல் அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கிறது என்று பச்சை நோய் என்றார்கள். பிலிப்பைன்ஸ் தீவில் இலைத் திட்டு நோய். தைவானில் லிக்குபின். சீனத்தில் குவாங்துங் மாகாணத்து விவசாயிகள், ஒரு கிளை மட்டும் மஞ்சளாகத் தளிர் விடுவதைப் பார்த்து ஹுவாங்லாங்பிங், அதாவது மஞ்சள் தளிர் நோய், என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐந்து நாட்டில் ஐந்து பெயர். இவை எல்லாம் ஒரே நோய் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாட்டுக்காரன் கண்டுபிடித்தது இன்னொரு நாட்டுக்காரனுக்குப் பயன்படவில்லை. சீனத்து விஞ்ஞானி லின், இது ஒட்டுக் கட்டுவதன் மூலம் பரவுகிற தொற்று நோய் என்று 1956-லேயே எழுதிவிட்டார். அந்தச் செய்தி நமக்கு வந்து எட்டவில்லை.

1966-ல்தான் இங்கே திரை விலகியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த லிலியன் ஃபிரேசர் என்ற அம்மையாரும் நம் நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து ஆராய்ந்து, இந்தியாவில் நுனிக்காய்தலுக்குப் பெரும்பாலும் காரணம் அந்தப் பச்சை நோய்தான் என்று வெளியிட்டார்கள். அடுத்த வருஷம், 1967-ல், நம் விஞ்ஞானிகள் கபூரும் அவருடைய கூட்டாளிகளும் இதைப் பரப்புவது சைலிட் என்ற குட்டிப் பூச்சி என்று நிரூபித்தார்கள். முதலில் வைரஸ் என்று நினைத்தது, பிற்பாடு பாக்டீரியா என்று தெளிவாயிற்று.

கடைசியில் 1995-ல் சீனத்தில் ஃபூச்சோ நகரத்தில் உலக விஞ்ஞானிகள் கூடினார்கள். இனி உலகம் முழுவதும் இந்த நோய்க்கு ஒரே பெயர்தான் என்று முடிவு செய்தார்கள். எந்தப் பெயரை எடுத்தார்கள் தெரியுமா? முதலில் கண்ணால் பார்த்து விவசாயிகள் வைத்த பெயரை, ஹுவாங்லாங்பிங் என்பதை! படித்தவர்கள் வைத்த நாலு பெயர் இருக்க, கோவணம் கட்டினவன் வைத்த பெயர் நின்றது. ஏன்? அவன் மரத்தின் பக்கத்திலேயே இருந்து பார்த்தவன்.

இந்த நோய் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் ஆரஞ்சுக்குப் பெயர்போனது. 2003-04-ல் அங்கே விளைந்தது சுமார் 24 கோடிப் பெட்டி. 2005-ல் இந்த நோய் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. 2022-23-ல் விளைந்தது 2 கோடிப் பெட்டிக்கும் குறைவு. பணமும் விஞ்ஞானமும் குவிந்த நாட்டிலேயே இந்தக் கதி என்றால், மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருந்தவன் தோற்றது அவன் குற்றமா? பாட்டி சொன்ன 'மரமும் போச்சு' என்பதற்கு அர்த்தம் இதுதான்.

பெயர் இருந்தால் பிழைப்பு உண்டு

இனி என்ன செய்யலாம்? மனம் விட்டுவிட வேண்டியதில்லை. பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. விருப்பாச்சி மலைவாழைக்கு முடிக்கொத்து நோய் வந்து, பழனி மலையில் அது அழிந்தே போகும் என்ற நிலை ஒரு காலத்தில் வந்தது. நோயில்லாத கன்றுகளைத் திசு வளர்ப்பில் உண்டாக்கிக் கொடுத்தபின் மறுபடி தலையெடுத்தது. விருப்பாச்சி, சிறுமலை வாழைகளுக்கு 2008-09-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் கிடைத்தது. குடகு ஆரஞ்சுக்கு 2006-லேயே கிடைத்துவிட்டது. ஊர்ப் பெயரும் பயிரின் பெயரும் சேர்ந்தால் சட்டமே காவல் நிற்கிறது. நம் பாட்டியின் கிச்சிலிக்கு அப்படி யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை.

மிச்சம் இருக்கிற மரங்களை வைத்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை.

ஒன்று, நோயை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். சத்துக் குறைவில் இலையின் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளுக்கும். இந்த நோயில் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி திட்டுத் திட்டாக மஞ்சள் பாயும். பழம் சிறுத்து, ஒருபக்கம் கோணி, அடி பச்சையாகவே நிற்கும். அறுத்துப் பார்த்தால் விதை சூம்பியிருக்கும். வாயில் வைத்தால் கசக்கும். இத்தனையும் சேர்ந்து இருந்தால் துத்தநாகம் தெளித்துப் பிரயோஜனமில்லை.

இரண்டு, பூச்சியைக் கவனியுங்கள். இளந்தளிரில், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். குஞ்சுகள் வெள்ளை நூல் மாதிரி மெழுகு விடும். இந்தப் பூச்சி கறிவேப்பிலையிலும் பெருகும். ஆகவே ஆரஞ்சுத் தோட்டத்துக்குள் கறிவேப்பிலை இருந்தால் அதன் தளிரையும் பாருங்கள்.

மூன்று, நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்த இதுவரை மருந்து கிடையாது. தாத்தா வைத்த மரம் என்று பாசம் வைத்து விட்டுவைத்தால், பேரன் வைத்த கன்றையும் அது கொண்டுபோய்விடும். அதை எடுத்துவிடுவதே நல்லது. அதிலிருந்து ஒட்டுக்குச்சி எடுக்கவே கூடாது.

நாலாவது, சந்தோஷமான செய்தி. கமலா விதையைப் போட்டால் ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று முளை வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பு இல்லாமல் தாயின் திசுவிலிருந்தே வருகிறவை. அச்சு அசலாகத் தாயைப் போலவே இருக்கும். அத்துடன் டிரிஸ்டிசா போன்ற நோய்கள் விதை வழியாகச் சாதாரணமாகப் போவதில்லை. ஆகவே, எந்த மூலையிலாவது வயதான நல்ல மரம் ஒன்று காய்த்துக்கொண்டு நின்றால், அதன் விதையில் அந்த வம்சத்தையே எழுப்பலாம். பம்பளிமாசில் இந்த வசதி கிடையாது. அதன் விதையில் வருவது தாயைப் போல இருக்காது. பாருங்கள், இங்கேயும் எது எந்த மரம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கன்று வாங்குவதானால், சான்று பெற்ற கன்றா, வேர்ச்செடி எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தடியன்குடிசையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கீழ்ப்பழனி மலைப் பயிர்களையே பார்த்து வருகிறவர்கள். உங்கள் சந்தேகத்தை ஓர் இலையோடு, ஒரு பழத்தோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதற்குப் பணச் செலவு கிடையாது. உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் வயதான பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த மரத்துக்கு உங்கள் காலத்தில் என்ன பெயர், அந்த மரத்துக்கு என்ன பெயர், எதை ஊறுகாய் போட்டீர்கள், எதைச் சந்தைக்குக் கொண்டுபோனீர்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆரஞ்சு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை மரம் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று அப்போது தெரியும்.

அன்றைக்குப் பெருமாள்மலையில் அந்தப் பாட்டியிடம் ஆறு பழம் வாங்கினேன். இந்த மரம் எங்கே நிற்கிறது பாட்டி என்று கேட்டேன். "வீட்டுக்குப் பின்னால ஒண்ணே ஒண்ணு நிக்குது. எங்க அப்பன் கொட்டை போட்டு முளைச்சது" என்றார். பழத்தைத் தின்றுவிட்டு, விதையைக் கீழே துப்ப எனக்கு மனம் வரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்படி ஒரு மரம் உங்கள் வீட்டுக்குப் பின்னாலும் நிற்கலாம். போய்ப் பாருங்கள். அதற்குப் பெயர் என்ன என்று கேளுங்கள்.